கோங்க் கிராமம்: ஓர் இரவு தங்கிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

தென் பிரான்சில் ஒரு பழைய கிராமத்தைப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் கோங்க் என்றுதான் சொல்கிறேன். கூடவே ஒரு நிபந்தனையும் போடுவேன். ஓர் இரவாவது அங்கே தங்க முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் வேறு ஊரைப் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. முதல் தடவை நான் மதியம் போய் இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். ஊரின் பழைய கத்தோலிக்கக் கோவிலைப் பார்த்தேன், நாலு படம் எடுத்தேன், ஒரு காபி குடித்தேன். அழகான ஊர் என்ற நினைப்பு மட்டும்தான் மிஞ்சியது. இரண்டாம் தடவை தங்கினேன். மாலை ஐந்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கிளம்பிப் போனபின் கல்தெருவில் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. கோவில் முகப்பில் வெயில் சாய்ந்து விழுந்தது. பகலில் ஒரே மங்கலாகத் தெரிந்த சிற்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அன்றுதான் இந்த ஊரைப் பார்த்தேன் என்று சொல்லலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு மதியத்திலிருந்து மறுநாள் காலை வரை என்ற கணக்கில்தான் போகும்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரான்சின் தெற்குப் பாதியில், துலூஸ் நகரத்துக்கு வடகிழக்கே அவேரோன் என்ற மாவட்டம். அதன் தலைநகர் ரொதேஸ். அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள், தூர்து ஆறும் ஊஷ் என்ற சிற்றோடையும் சேரும் இடத்துக்கு மேலே, செங்குத்தான மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது கோங்க். கிண்ணம் போலக் குழிந்த பள்ளத்தாக்கு. சிப்பி என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். மேலே நின்று பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 2016-ல் பக்கத்து ஊர்களோடு இணைத்து கோங்க்-ஆன்-ரூவெர்க் என்று ஒரே ஊராட்சியாக்கிவிட்டார்கள். அதற்கு முன்பும் இது முந்நூறு பேருக்குக் குறைவாக வாழ்ந்த ஊர்தான்.

இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு பெரிய கோவில் எப்படி வந்தது? அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால் கல் ஒவ்வொன்றும் பேசும்.

அது ஒரு திருட்டுக் கதை. ரோமாபுரி அரசு கிறிஸ்தவர்களைக் கொன்ற காலத்தில், கி.பி. 303 வாக்கில், அஜென் நகரத்தில் ஃபுவா என்ற சிறுமி வேதசாட்சியாக, அதாவது மதத்துக்காக உயிர்விட்டு, இறந்தாள் என்பது மரபு. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண். ஃபுவா என்றாலே விசுவாசம் என்றுதான் அர்த்தம். அவளுடைய எலும்புகள் அஜெனில் இருந்தன. கோங்க் மடத்திலோ அப்போது கூட்டத்தை இழுக்கும்படியாகத் திருப்பண்டம், அதாவது புனிதர்களின் எலும்பு போன்ற எச்சம், எதுவும் இல்லை. அதனால் கோங்க் துறவி ஒருவர் அஜெனுக்குப் போய், அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கி, எல்லாருடைய நம்பிக்கையையும் சம்பாதித்து, கல்லறைக்கே காவலர் ஆகி, ஒருநாள் இரவு திருப்பண்டத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. இது 866 வாக்கில் நடந்தது. கோங்க்காரர்கள் இதைத் திருட்டு என்று சொல்லவில்லை. புனிதையே இடம் மாற விரும்பினாள் என்றார்கள்.

அப்புறம் கூட்டம் வந்தது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு, புனித யாகப்பரின் கல்லறைக்கு, பிரான்சின் லெ புய் நகரத்திலிருந்து நடந்து போகிறவர்களுக்கு கோங்க் முக்கியமான தங்குமிடமாயிற்று. நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் சந்தியாகு, சந்தியாகப்பர் என்று பெயர் வைக்கிறார்களே, அதே யாகப்பர்தான். போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த பெயர் அது. லெ புய்யிலிருந்து கோங்க் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இன்றும் ஆயிரக்கணக்கானோர் ஜி.ஆர். 65 என்ற நடைபாதையில் பத்து நாள் வாக்கில் நடந்து இங்கே வந்து சேர்கிறார்கள். கோவிலும், கீழே உள்ள பழைய பாலமும் 1998-ல் சந்தியாகோ வழித்தடங்களின் பகுதியாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

எந்த மாதம் போவது

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. ஜூலை ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து கஷ்டம். நவம்பர் முதல் ஈஸ்டர் வரை விடுதிகளும் உணவகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். ஊர் அமைதியாக, பனிமூட்டத்தோடு அழகாகத்தான் இருக்கும், ஆனால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு போக வேண்டும்.

என்னைக் கேட்டால் அக்டோபர் தொடக்கம். சுற்றியுள்ள சரிவெல்லாம் கஷ்கொட்டை மரங்கள். இலை மஞ்சளாகிக் காய் கீழே கொட்டிக்கிடக்கும். புனித ஃபுவாவின் திருநாள் அக்டோபர் 6. அதை ஒட்டிவரும் ஞாயிற்றுக்கிழமை ஊரில் விழா நடக்கும். அந்த வாரம் தங்க இடம் வேண்டுமானால் கோடைக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

போய்ச் சேருவது

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். பாரிஸில் லா ஷாப்பெல் பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களும் பாரிஸைத் தாண்டித் தெற்கே இப்படி ஓர் ஊருக்கு ஒரு வாரக்கடைசியில் வர வேண்டும் என்பது என் ஆசை.

பாரிஸிலிருந்து வர எனக்குப் பிடித்த வழி இரவு ரயில். ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ஏறிப் படுத்தால் காலையில் ரொதேஸ். பாதை வேலை நடக்கும் நாட்களில் இந்த ரயில் ஓடாது, அதனால் தேதியை முடிவு செய்யும் முன்பே அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். பகலில் வருவதென்றால் துலூஸ் வரை விமானத்திலோ அதிவேக ரயிலிலோ வந்து, அங்கிருந்து வட்டார ரயிலில் ரொதேஸ். அந்தப் பயணம் இரண்டரை மணி நேரம் வாக்கில் ஆகும்.

ரொதேஸிலிருந்து கோங்க் வரைதான் சிக்கல். ஊருக்கு ரயில் கிடையாது. பேருந்து மிகக் குறைவு, சில நாட்களில் இல்லவே இல்லை. பேருந்தை நம்பித் திட்டம் போட்டு, அது ஓடாத நாளில் ரொதேஸ் நிலையத்தில் முக்கால் நாள் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. முடிந்தவரை வாடகைக் காராக எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன் (இந்தியாவில் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்) சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். பிரான்சில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கியர் மாற்றும் கார்தான் அதிகம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே கேட்டு வாங்க வேண்டும். ஓட்டத் தெரியாவிட்டால் ரொதேஸில் டாக்ஸி பேசிக்கொள்ளலாம். நாலு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

டி 901 என்ற சாலையைப் பிடித்தால் மர்சியாக் வழியாக நேரே போய்விடலாம். முக்கால் மணி நேர ஓட்டம். மர்சியாக் வட்டாரத்தில் மண் ரத்தச் சிவப்பு. அங்கே திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக மலையேறுகின்றன, வீடுகள்கூட சிவப்புக் கல். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பள்ளத்தாக்கு இறுகி, கல் சாம்பல் நிறமாக மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கவனித்துக்கொண்டே போங்கள், கோவில் சுவரைப் பார்க்கும்போது ஞாபகம் வரும்.

ஊருக்குள் வெளியாட்களின் கார் போகாது. வெளியே கட்டண நிறுத்துமிடங்கள் உண்டு. அங்கே விட்டுவிட்டு நடக்க வேண்டும். தெருவெல்லாம் ஏற்ற இறக்கம், வழுவழுப்பான கல். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாடு. ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் தோள்பையில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காரிலேயே பூட்டி வையுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வருவதாக இருந்தால், கோவிலுக்குப் பக்கத்திலேயே அறை எடுப்பது முக்கியம்.

தங்குவது

மூன்று வகை இடம் இருக்கிறது. சில சிறிய விடுதிகள். குடும்பங்கள் தங்கள் வீட்டில் வாடகைக்கு விடும் அறைகள், காலை உணவோடு கிடைக்கும். அப்புறம், கோவிலை ஒட்டிய மடத்தின் விருந்தினர் இல்லம். அங்கே நடந்து வரும் யாத்திரிகர்களுக்குத்தான் முதல் இடம். மற்றவர்களுக்கும் இடம் இருந்தால் தருகிறார்கள். பொதுப் படுக்கைக்கூடமும் உண்டு, தனி அறையும் உண்டு. தன்னார்வலர்கள் சமைத்துப் பரிமாற, எல்லோரும் நீள மேசையில் சேர்ந்து சாப்பிடலாம். பக்கத்தில் உட்கார்ந்தவர் எத்தனை நாள் நடந்தார், கால் எப்படிக் கொப்பளித்தது என்று சொல்லிக்கொண்டே ரொட்டிக் கூடையை நகர்த்துவார். இந்த ஊர் எதற்காக இருக்கிறது என்பது அந்த மேசையில் புரியும். வசதி குறைவு என்றாலும் என் பரிந்துரை இதுதான்.

மதியம்: தெருக்களில் ஒரு சுற்று

உடனே கோவிலுக்குள் போகாதீர்கள். முகப்பு மேற்கு பார்த்தது, வெயில் சாயும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தெருக்களைச் சுற்றுங்கள்.

கூரைகளைப் பாருங்கள். ஓடு இல்லை. லோஸ் என்று சொல்லும் கற்பலகைகளை மீன் செதில் மாதிரி வட்டமாகச் செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்தபின் இவை ஈயம் போல மின்னும். சுவர்கள் கீழே கல், மேலே மரச்சட்டம் வைத்துப் பூசியவை. சரிவில் கட்டிய வீடுகள் என்பதால் ஒரு வீட்டுக்குக் கீழ்த்தெருவில் ஒரு வாசல், இரண்டு மாடி மேலே மேல்தெருவில் இன்னொரு வாசல். பழைய மதிலின் வாயில்கள் சில இன்னும் நிற்கின்றன. கோவிலுக்குக் கீழே யாத்திரிகர்கள் தண்ணீர் குடித்த ஊற்று இருக்கிறது.

சார்லமேன் தெருவில் கொஞ்சம் இறங்கினால் பாறை முனையில் புனித ரோக் சிற்றாலயம் வரும். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் கோவிலின் மூன்று கோபுரங்களும் ஊரும் ஒரே பார்வையில் அடங்கும். கார் வைத்திருப்பவர்கள் எதிர்மலையில் பாங்கரெல் என்ற பார்வை முனைக்கும் போகலாம்.

மாலை நாலு மணிக்கு மேல்: வாசலின் தீர்ப்பு

இப்போது கோவில் வாசலுக்கு வாருங்கள். இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு பேராகப் போனால் ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள்.

வாசலுக்கு மேல் அரைவட்டத்தில், ஏறத்தாழ 7 மீட்டர் அகலத்துக்கு, பொதுத்தீர்வைக் காட்சியை, அதாவது உலக முடிவில் எல்லாருக்கும் தீர்ப்பு வழங்கும் காட்சியை, செதுக்கியிருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்தது. மொத்தம் 124 உருவங்கள். நீலமும் சிவப்பும் பூசியிருந்த தடம் இன்னும் அங்கங்கே தெரிகிறது.

நடுவில் கிறிஸ்து. வலக்கை மேலே, இடக்கை கீழே. அந்த இரண்டு கைகள்தான் காட்சி முழுவதையும் இரண்டாகப் பிரிக்கின்றன. நமக்கு இடப்பக்கம் மோட்சம், வலப்பக்கம் நரகம். மோட்சத்தின் பக்கம் மாதாவும், திறவுகோல் பிடித்த இராயப்பரும் (பேதுரு), அவர்களுக்குப் பின்னால் மடாதிபதி கையைப் பிடித்து அழைத்துவரும் ஓர் அரசனும் வரிசையாக வருகிறார்கள். மடத்துக்கு வாரி வழங்கியதாகச் சொல்லப்படும் சார்லமேன்தான் அந்த அரசன் என்பார்கள். அரசன் கொஞ்சம் கூச்சத்தோடு நடப்பது போலவே இருக்கும்.

கிறிஸ்துவின் காலுக்குக் கீழே மிக்கேல் அதிதூதரும் ஒரு பேயும் நேருக்கு நேர். நடுவில் தராசு. பேய் ஒரு விரலால் தட்டைத் தன் பக்கம் அழுத்துகிறது. சந்தையில் எடை போடும்போது பார்க்கும் அதே களவு. அதற்கும் கீழே இரண்டு கதவுகள் அடுத்தடுத்து. ஒன்றில் சம்மனசு (தேவதூதர்) கையைப் பிடித்து ஆன்மாவை உள்ளே அழைக்கிறார். மற்றதில் பேய் ஆட்களைப் பிடித்துப் பூதத்தின் வாய்க்குள் திணிக்கிறது. இரண்டு கதவுக்கும் இடையில் இருப்பது ஒரு சுவர்தான்.

நரகத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். குதிரையிலிருந்து தலைகீழாக விழும் போர்வீரன் இருக்கிறான், அது ஆணவம். கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்குபவன் கருமி. வலையில் சிக்கிய குருமார்கள்கூட இருக்கிறார்கள். கோவில் வாசலிலேயே, எல்லாரும் பார்க்கும்படி, தப்பு செய்த குருக்களை நரகத்தில் போட்டுக் காட்ட அந்தத் துறவிகளுக்குத் துணிச்சல் இருந்தது. எனக்கு இந்தச் சிற்பத்தின்மேல் மதிப்பு கூடியது அங்கேதான்.

இடப்பக்கம், மோட்ச வரிசைக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம். ஒரு பெண் குனிந்து விழுந்து வேண்டுகிறாள், மேகத்திலிருந்து ஒரு கை மட்டும் அவளை நோக்கி நீள்கிறது. அவள்தான் ஃபுவா. அவளுக்குப் பின்னால் வளைவுகளில் தொங்குவது கைவிலங்குகள். சிறைப்பட்டவர்களை விடுவிக்கும் புனிதை அவள். விடுதலையானவர்கள் தங்கள் சங்கிலியைக் கொண்டுவந்து கோவிலில் காணிக்கையாக வைத்தார்கள். உள்ளே பீடத்தைச் சுற்றி இருக்கும் இரும்புக் கிராதி அந்தச் சங்கிலிகளை உருக்கிச் செய்தது என்று சொல்கிறார்கள். உள்ளே போகும்போது அந்தக் கிராதியைப் பார்க்கத் தவறாதீர்கள்.

கடைசியாக, அரைவட்டத்தின் வெளி விளிம்பைப் பாருங்கள். துணியின் ஓரத்தைச் சுருட்டியது போல ஒரு பட்டை போகிறது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, பதினாலு சின்னத் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. அவை சம்மனசா, ஊர்க்குழந்தைகளா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஊரார் வைத்த பெயர் "வேடிக்கை பார்ப்பவர்கள்". விரல்கள் பட்டையின் மேல் மடிந்திருப்பதைக்கூட அந்தச் சிற்பி செதுக்கியிருக்கிறார். மதில்மேல் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் அப்படித்தானே பிடித்துக்கொள்வார்கள்.

உள்ளே: கல்லும் வெளிச்சமும்

கோவிலுக்குள் போகக் கட்டணம் இல்லை. 11-ஆம் நூற்றாண்டில், மடாதிபதி ஒதொல்ரிக் காலத்தில் தொடங்கிய கட்டடம். ஊர்க் கூட்டத்துக்கு மட்டுமாக இல்லாமல், வழிப்போக்கர் கூட்டத்துக்காகத் திட்டமிட்டது. பீடத்தைச் சுற்றி நடைவழி விட்டிருக்கிறார்கள். பூசைக்கு இடைஞ்சல் இல்லாமல் யாத்திரிகர்கள் வலம் வர அது வசதி. நடுக்கூடத்தின் உயரம் 22 மீட்டர். அகலம் குறைவு என்பதால் அண்ணாந்து பார்க்கும்போது இன்னும் உயரமாகத் தெரியும். தூண்களின் தலைப்பில் 250 போலச் சிற்பங்கள்.

இந்தக் கோவில் 19-ஆம் நூற்றாண்டில் இடிந்து விழும் நிலைக்கு வந்தது. உள்முற்றத்துக் கல்லை ஊரார் வீடு கட்ட எடுத்துப் போயிருந்தார்கள். 1837-ல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளராக வந்த ப்ரோஸ்பேர் மெரிமே இதைப் பார்த்து வியந்து அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன்பின்தான் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. 1873-ல் ப்ரேமோன்த்ரே சபைத் துறவிகள் வந்தார்கள். இன்றும் அவர்களே இருக்கிறார்கள்.

இப்போது ஜன்னல்களைப் பாருங்கள். பழைய கோவில் என்றால் பல வண்ணக் கண்ணாடியில் புனிதர்களின் உருவம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே அப்படி எதுவும் இல்லை. 104 திறப்புகளிலும் நிறமே இல்லாத, ஊடே பார்க்க முடியாத, பால் போன்ற கண்ணாடி. அதில் கறுப்பு ஈயக் கோடுகள் சாய்ந்து வளைந்து ஓடுகின்றன. ஓவியர் பியேர் சூலாஜ் வடிவமைத்து 1994-ல் பொருத்தியவை இவை. அவர் 1919-ல் ரொதேஸில் பிறந்தவர். பள்ளிச் சிறுவனாக இந்தக் கோவிலுக்கு வந்தபோதுதான் கலைக்கே வாழ்வைக் கொடுப்பது என்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் சொன்னார். வாழ்நாள் முழுக்கக் கறுப்பு வண்ணத்தில் வரைந்தவர், இங்கே வெளிச்சத்தையே பொருளாக எடுத்துக்கொண்டார். வேண்டிய கண்ணாடி எங்கும் கிடைக்காமல், தானே நூற்றுக்கணக்கில் சோதனை செய்து உருவாக்கினார். துலூஸில் ஒரு கண்ணாடிக் கலைஞரின் பட்டறையில் அவற்றைக் கோத்தார்கள்.

ஆரம்பத்தில் ஊரில் எதிர்ப்பு இருந்தது. எனக்கும் முதல் தடவை பிடிபடவில்லை. மூளி ஜன்னல் என்று நினைத்தேன். தங்கியிருந்தபோது மாலை ஐந்து மணிக்கு உள்ளே போய் ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். மேற்கு ஜன்னல்களில் கண்ணாடி மெல்ல மஞ்சளாகி, பிறகு கிச்சிலிப்பழ நிறமாகிக்கொண்டிருந்தது. வடக்கே அதே கண்ணாடி நீலம் பூத்திருந்தது. வெளிச்சம் உள்ளே நுழைந்து சுவரில் படிந்தபோது மஞ்சள் சுண்ணக்கல்லும் சாம்பல் கல்லும் தங்கள் நிறத்தை முழுசாகக் காட்டின. வண்ணக் கண்ணாடி இருந்திருந்தால் இந்தக் கல்லின் நிறம் நமக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் காலை மறுபடி போனேன். எல்லாம் இடம் மாறியிருந்தது. நீங்களும் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை என்று இரண்டு முறை போங்கள், நடுவில் கண்ணாடியை வெளிப்பக்கமிருந்தும் பாருங்கள். வெளியே அது கூரைப் பலகை போல் சாம்பலாகத் தெரியும்.

கருவூலம்

கோவிலுக்குப் பக்கத்தில் தனிக் கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் உண்டு, மாலையில் மூடிவிடுவார்கள். அதனால் மதியச் சுற்றின்போதே இதை முடித்துவிடுங்கள்.

உள்ளே அரையிருட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள் ஃபுவா. 85 சென்டிமீட்டர் உயரம். மரத்தில் செய்து தங்கத் தகடு போர்த்திய உருவம். நூற்றாண்டு நூற்றாண்டாக வந்த காணிக்கைகள், ரத்தினங்களும் செதுக்கிய மணிக்கற்களும், உடல் முழுக்கப் பதித்திருக்கின்றன. தலை மட்டும் உடலைவிடப் பழையது. பிற்கால ரோமானியச் சிற்பம் ஒன்றின் தலையை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால்தான் முகம் ஒரு சிறுமியின் முகமாக இல்லை. கண்கள் விரிந்து, நம்மைத் தாண்டி எங்கோ பார்க்கின்றன. நகை பூட்டிப் பல்லக்கில் எழுந்தருளும் உற்சவமூர்த்தியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த உருவம் அந்நியமாகத் தெரியாது. இதையும் ஊர்வலமாக எடுத்துப் போனார்கள்.

ஐரோப்பியருக்கு அப்படி இல்லை. 1013-ல் ஆன்ஷே நகரத்திலிருந்து பெர்னார் என்ற ஆசிரியர் இங்கே வந்தார். படித்தவர். இந்த வட்டாரத்து மக்கள் தங்கப் பதுமைகள் முன் விழுந்து கும்பிடுவதைப் பார்த்து, பழைய ரோமானியர் யூப்பிட்டரையும் மார்ஸையும் கும்பிட்டது போல இருக்கிறதே என்று முகம் சுளித்தார். பிறகு ஊரார் சொன்ன அற்புதங்களைக் கேட்டுக் கேட்டு மனம் மாறி, அவற்றைத் தொகுத்து எழுதினார். அதில் வரும் ஃபுவா ஒரு விளையாட்டுப் பிள்ளை. நகை என்றால் ஆசை. நல்ல மோதிரம் போட்ட பெண்களின் கனவில் வந்து கேட்பாள், தராவிட்டால் விடமாட்டாள். இந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டு அந்தத் தங்க உடலில் இருக்கும் ஒவ்வொரு கல்லையும் பாருங்கள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது நாடெங்கும் கோவில் தங்கத்தை எடுத்து உருக்கினார்கள். கோங்க் மக்கள் இதைப் பங்கு போட்டு மறைத்து வைத்தார்கள். ஆபத்து நீங்கியபின் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஏழை மலைக்கிராமம் அது. ஒரு கல்லை மட்டும் வைத்துக்கொண்டாலும் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

இரவுச் சாப்பாடு

பிரான்சில் சமையலறை நேரம் கறாரானது. மதியம் 12 முதல் 2, இரவு ஏழு, ஏழரைக்குத் தொடங்கும். நடுவில் போனால் காபியும் கேக்கும்தான். கடைக்குள் நுழைந்ததும் "போன்ழூர்" சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். இதை விட்டுவிட்டால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள்.

இந்த மாவட்டத்தின் சாப்பாடு அலிகோ. மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டு, கை ஓயும்வரை கிண்டுவார்கள். கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் இழுபடும். பெரும்பாலும் பன்றிக்கறிச் சாசேஜோடு வரும். சைவர்கள் "சான் வியாந்த்", அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொல்லி அதை மட்டும் வாங்கலாம். முட்டையும் கீரையும் போட்டுத் தட்டிப் பொரிக்கும் ஃபார்சூ நம் கீரை அடையின் தூரத்துச் சொந்தம். சிலர் அதில் இறைச்சியும் சேர்ப்பதால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு எஸ்தோஃபினாதோ. கடலுக்கு இவ்வளவு தூரத்தில் கருவாட்டுச் சாப்பாடு. நார்வேக் கருவாட்டை நாள்கணக்கில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு, முட்டை, அக்ரூட் எண்ணெய் சேர்த்துப் பிசைவது. துறைமுகத்திலிருந்து லொத் ஆற்றில் ஏறிவந்த படகுகளோடு வந்த பழக்கம் என்பார்கள். நம் நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும். குளிர்காலப் பலகாரம் என்பதால் அக்டோபருக்குப் பின்தான் தேட வேண்டும். குடிப்பவர்களுக்கு, வழியில் பார்த்த சிவப்பு மண்ணில் விளைந்த மர்சியாக் திராட்சை ரசம்.

இரவு

பருவகாலத்தில் எட்டரை வாக்கில் கோவிலில் இரவுச் செபம். முடிந்ததும் மறுநாள் நடக்கப் போகும் யாத்திரிகர்களை முன்னால் அழைத்து ஆசீர்வதிப்பார்கள். பிறகு துறவி ஒருவர் வாசலில் நின்று அந்தச் சிற்பத்தை விளக்குவார். பிரெஞ்சில்தான் பேசுவார். நீங்கள் மாலையிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் கை காட்டும் இடத்தை வைத்தே புரிந்துவிடும். அதன்பின் உள்ளே ஆர்கன் வாசிப்பு. சிறு கட்டணம் கொடுத்து மேல்மாடத்தில் நடந்துகொண்டே கேட்கலாம். தூண் தலைப்புச் சிற்பங்களைக் கண்மட்டத்தில் பார்க்கக் கிடைக்கும் நேரம் அதுதான். இசை கீழிருந்து ஏறி வளைவுகளில் சுற்றும். கோடையில் இருட்டியபின் வாசல் சிற்பத்தின்மேல் ஒளியால் பழைய வண்ணங்களைப் பாய்ச்சிக் காட்டுவதும் உண்டு.

நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். வந்ததும் சுற்றுலா அலுவலகத்தில் அன்றைய அட்டவணையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மறுநாள் காலை

ஏழு மணிக்கு முன் எழுந்துவிடுங்கள். பள்ளத்தாக்கில் மூடுபனி நிற்கும், கோபுர நுனிகள் மட்டும் வெளியே தெரியும். முதுகுப்பையோடு யாத்திரிகர்கள் சார்லமேன் தெருவில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு நீங்களும் நடங்கள்.

அரைமணி நேரத்துக்குள் தூர்து ஆற்றுப் பாலம் வரும். "ரோமன் பாலம்" என்று பெயர். ரோமானியர் கட்டியதில்லை. யாத்திரிகரைக் குறிக்கும் "ரூமியே" என்ற பழஞ்சொல் மருவி அப்படி ஆகிவிட்டது. வளைந்த முதுகு, ஒரு வண்டி அகலம். நடுவில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

பாலம் தாண்டியதும் காட்டுப் பாதை செங்குத்தாக ஏறும். மூச்சு வாங்கும். அவசரப்படாமல் ஏறினால் அரைமணி நேரம். பாதி மலையில், மரங்களுக்கு நடுவே புனித ஃபுவாவின் சிற்றாலயம் இருக்கிறது, அங்கே ஒரு மணி. கோங்கைவிட்டுப் போகும் யாத்திரிகர்கள் ஊரைக் கடைசியாக ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அந்த மணியை அடித்துவிட்டுப் போவது வழக்கம். எதிர்ச்சரிவில் கோங்க் முழுசாகத் தெரியும், கூரைகளில் புகை ஏறும்.

நாம் அதற்குமேல் போவதில்லை, வந்த வழியே இறங்க வேண்டும். இறங்கும்போது மேலே ஒருவர் மணியை அடித்தார். அந்தச் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனது. ஊரில் விடுதிப் பெண்மணியிடம் காலைக் காபி வாங்கும்போது கேட்டேன், இங்கே மணி கேட்குமா என்று. "இன்று காலையில் ஒன்பது பேர் போயிருக்கிறார்கள்" என்றார்.